பத்திரிகைத் தட்டும் கரிமூட்டமும்: திருச்சுழிப் பக்கம் ஒரு நாள்

சித்திரை மாதக் கடைசியில், பிள்ளைகளுக்கு லீவு விட்ட இரண்டாவது வாரம், திருப்பூரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழிப் பக்கம் போய்வந்தோம். நான், மனைவி செல்வி, எட்டாவது முடித்த மகள் யாழினி, மூன்று வயது மகன் கவின். லீவுக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, வைகாசி கடைசியில் கவினுக்கு வைத்திருக்கும் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்த மாதிரியும் ஆச்சு. எனக்கு யோசனை எப்போதும் இப்படித்தான் போகும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் நான். ஒரு துணியில் எத்தனை பீஸ் எடுக்கலாம் என்று பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் மிச்சம் பிடிக்கத் தோன்றும்.

இதற்கு முன் இங்கே நான் எழுதிய கொடைக்கானல் கட்டுரையை நம்பிக் கிளம்பிய நண்பர் ஒருவர் பழனிக்குப் போய்ச் சேர்ந்தார். அதனால் இந்த முறை நேரம், தூரம் எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டே போனேன். தப்பு இருந்தால் அது சீட்டின் தப்பு.

யாரைப் பார்க்கப் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். செல்விக்கு இரண்டு அண்ணன் தம்பிகள். தம்பி, அதாவது என் சின்ன மச்சான், அருப்புக்கோட்டையில் பவர்லூம் தறி ஓட்டுகிறார். அண்ணன், பெரிய மச்சான், திருச்சுழி தாண்டி ஆறு கிலோமீட்டரில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே நெருப்பைப் புகையவிட்டுக் கரி எடுக்கும் மூட்டத் தொழில். செல்வி ஆறாவது படிக்கும்போது மாமனார் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவளைப் படிக்கவைத்தது, எனக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் இவர்தான். கவினை மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டியவரும் இவர்தான்.

பெரிய மச்சான் கோபக்காரர் இல்லை. கோபப்பட்டுக் கத்துகிறவரைச் சமாளித்துவிடலாம். இவர் கத்தவே மாட்டார். ஆறு வருடத்திற்கு முன் ஒரு சொந்தக்காரர், தம்பிக்கு முதலில் பத்திரிகை வைத்துவிட்டு இவருக்கு இரண்டாவதாக வைத்தார். மச்சான் விசேஷத்துக்குப் போனார், மொய் செய்தார், கை நனைக்காமல் திரும்பி வந்துவிட்டார். இன்றுவரை அந்தத் தெருவில் அவர் வண்டி போனதில்லை.

அதனால் செல்வி முதல் நாளே சட்டம் போட்டிருந்தாள். “அருப்புக்கோட்டை போற வழியிலதான் இருக்கு. தம்பி வீட்ல டிபன் சாப்பிடுறோம், கெளம்புறோம். தட்டு டிக்கிய விட்டு எறங்கக் கூடாது. மொத அழைப்பு எங்க அண்ணனுக்கு. திரும்பி வரும்போது தம்பிக்கு வச்சுக்கிடலாம்.”

நானும் தலையாட்டினேன். இந்தக் கட்டுரையில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அந்தத் தலையாட்டல்தான்.

காலை 4.30க்குக் கிளம்பினோம். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல். திண்டுக்கல் தாண்டி ஒரு கடையில் டீ, பிள்ளைகளுக்குப் பால். நான்கு டம்ளர் எழுபது ரூபாய், டீயில் குறை இல்லை. எங்கள் காருக்குப் பன்னிரண்டு வயது. ஏசி போட்டால் வண்டி ஓடாது, வண்டி ஓடினால் ஏசி ஓடாது. மதுரைக்குள் போகாமல் ரிங் ரோட்டில் சுற்றித் தூத்துக்குடி ரோட்டைப் பிடித்தோம். காரியாபட்டி தாண்டும்போதே ஜன்னல் காற்று அடுப்படிக் காற்று மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் கரிசக்காடு வெடித்துக் கிடக்க, நடுவில் ரோடு மட்டும் அழகாகப் போகிறது. 9.20க்கு அருப்புக்கோட்டை. மீட்டரில் 238 கிலோமீட்டர்.

சின்ன மச்சான் வீட்டில் இட்லி, வெங்காயச் சட்னி, நாங்கள் வருகிறோம் என்று தனியாக வாங்கிவைத்த சேவு. சாப்பிட்டு முடிந்ததும் செல்வி தம்பி மனைவியோடு பேசிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். நானும் மச்சானும் கூடத்தில். தப்பு நடந்தது இங்கேதான்.

பத்திரிகையை நானே செல்போனில் வடிவமைத்திருந்தேன். கவின் தலையில் கிரீடம், பின்னால் இரண்டு மயில், மேலே பூ மழை. மூன்று வாரம் உட்கார்ந்து செய்தது. செல்வியைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவளும் பார்த்துவிட்டு, “மயிலுக்கு எதுக்கு இத்தனை காலு” என்று மட்டும் கேட்டாள். காட்ட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். அதோடு மிச்சம் பிடிக்கிற புத்தியும் வேலை செய்தது. இங்கே இப்போதே வைத்துவிட்டால், சாயங்காலம் திரும்ப இங்கே வர வேண்டாம். திருச்சுழியிலிருந்து நேராகக் காரியாபட்டி போய்விடலாம். டிக்கியைத் திறந்தேன்.

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், நடுவில் மஞ்சள் தடவிய பத்திரிகை. சின்ன மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“மச்சான், மொதப் பத்திரிகை எனக்கா?”

“பின்ன?” என்றேன். பெருமை வந்துவிட்டால் எனக்குக் காது கேட்காது.

“யாழினி, மாமா போன்ல ஒரு போட்டோ எடு தாயி.”

எடுத்தாள். செல்வி அடுப்படியை விட்டு வருவதற்குள் தட்டு சாமி அறைக்குப் போய்விட்டது. 10.25க்குக் கிளம்பினோம். சின்ன மச்சானும் பத்தரை மணி தறிக்கு ஓட வேண்டும் என்று எங்களோடு சேர்ந்தே கிளம்பிவிட்டார்.

ஊரைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் போயிருப்போம். பின் சீட்டில் யாழினி போனைப் பார்த்துக்கொண்டே, “அம்மா, மாமா ஸ்டேட்டஸ் வச்சிருக்காரு. அப்பா நல்லா விழுந்திருக்காரு” என்று நீட்டினாள். படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: என் மருமகன் காதுகுத்து. முதல் பத்திரிகை எனக்கே.

செல்வி அதை இரண்டு தரம் படித்தாள். “வண்டிய ஓரங்கட்டுங்க” என்றாள்.

ஓரங்கட்டினேன்.

“ஒங்களுக்கு ஒரே ஒரு வேலதான் குடுத்தேன். ஒண்ணும் செய்யாம இருங்கன்னு. அதக்கூட செய்ய முடியலையா?”

“ஒரே வழியில முடிச்சிரலாமேன்னு…”

“எங்கண்ணன் மடி இல்லேன்னா காதே குத்த வேணாம். இவன் இப்படியே இருக்கட்டும்.”

கவின் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். முப்பது தறி ஓடுகிற இடத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலே கேட்காது, போன் எப்படிக் கேட்கும்? தம்பி மனைவியைக் கூப்பிட்டால், “சாப்பாட்டுக்கு ஒண்ணரைக்குத்தான் வருவாக மதினி” என்றார். கடைசியில் பெரிய மச்சான் வீட்டுக்குப் போட்டாள். அவர் மனைவி எடுத்தார். “அவுக விடியவே மூட்டத்துக்குப் போயிட்டாக. அங்ஙன டவரு கெடையாதே செல்வி. நீங்க வாங்க, ஒங்கண்ணன் வந்துருவாக.”

செல்விக்கு உயிர் வந்தது. அண்ணன் டவர் இல்லாத இடத்தில் இருக்கிறார். அவர் வெளியே வருவதற்குள் போய்த் தட்டை நீட்டிவிட வேண்டும். தம்பி சாப்பாட்டுக்கு வந்ததும் ஸ்டேட்டஸை எடுத்துவிடுவான். இதுதான் திட்டம். தட்டு என்று சொன்னேன் அல்லவா, இருந்த ஒன்றும் அருப்புக்கோட்டையில். திருச்சுழி கடைத்தெருவில் புதிதாக எவர்சில்வர் தட்டு, தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வாங்கினோம். ஐந்நூற்று இருபது ரூபாய், பதினெட்டு நிமிடம்.

அதற்கப்புறம் குறுக்கு வழி என்று போன் மேப் காட்டியதை நம்பி இடது பக்கம் திரும்பினேன். தார் ரோடு மண் ரோடாகி, மண் ரோடு தடமாகி, தடம் ஒரு பெரிய வெட்டவெளியில் போய்க் கரைந்துவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

“ரோடா? இது கம்மாயிங்க. நீங்க இப்ப நடுக் கம்மாயில நிக்கிறீக.”

“மேப்ல ரோடுன்னு போட்டிருக்கே.”

“மழ பெஞ்சு தண்ணி நெறஞ்சா போட்டுல போகலாம். வாரத்துக்கு ரெண்டு காரு இப்படி எறங்குது. போன வாரம் வந்தவுக ஒங்கள மாதிரிதான், சட்டையெல்லாம் நல்லா வெள்ளையா இருந்துச்சு.”

திருப்பிக் கொண்டுவருவதற்குள் இருபது நிமிடம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 11.50. பெரிய மச்சான் மனைவி மோர் கொடுத்தார். செல்வி எனக்கு மோர் குடிக்க நேரம் கொடுக்கவில்லை.

“நீங்க போயி அண்ணனக் கூட்டிட்டு வாங்க. வேற எதுவும் பேச வேணாம்.”

மூட்டம் ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். கருவேலங்காட்டுக்குள் தடம். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண் மேடு, அடியில் சுற்றிலும் ஓட்டைகள், உச்சியிலிருந்து வெள்ளைப் புகை. பக்கத்தில் கைலி, தலையில் துண்டு, உடம்பெல்லாம் கரியாகப் பெரிய மச்சான். என்னைப் பார்த்ததும் சிரித்தார். பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்தது.

“வாங்க மாப்ள. பத்திரிகையா? செல்வி வந்துருக்காளா? பய எப்படி இருக்கான்?”

“வந்திருக்கா மச்சான். உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னா.”

அவர் தன் கையைப் பார்த்தார். “மொதப் பத்திரிகைய இந்தக் கரிக் கையில வாங்கப்படாது. நான் போயி குளிச்சிட்டு வேட்டி மாத்திக்கிறேன். ஆனா இத விட்டுட்டு வர முடியாதே. மாத்தாளு ஒண்ணரைக்குத்தான் வருவான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் மண்வெட்டியை நீட்டினார். “அதுவரைக்கும் நீங்க இருங்க மாப்ள. எங்கயாச்சும் மண்ணு உள்வாங்கி நெருப்புத் தெரிஞ்சா ஒடனே மண்ணள்ளிப் போடணும். இல்லேன்னா பூராம் சாம்பலாப் போயிரும்.”

இதுதான் சமயம் என்று எனக்குத் தெரிந்தது. இவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போவார். டவர் வரும். பையில் இருக்கும் போன் சத்தம் போடும். “மச்சான், ஒரு விஷயம்” என்றேன்.

“வீட்ல வந்து பேசிக்கிடலாம் மாப்ள. மொதப் பத்திரிகைய வாங்கிட்டு மிச்சத்தப் பேசுவோம்.” அவர் இருந்த சந்தோஷத்தில் மொபெட் இரண்டாவது மிதியிலேயே கிளம்பிவிட்டது.

நான், மண்வெட்டி, மூட்டம். மணி 12.20.

வெயிலைப் பற்றி எழுதப் போவதில்லை, எழுதினால் எனக்கே மறுபடி வேர்க்கும். செல்வியைக் கூப்பிட டவர் இல்லை. அங்கே வீட்டில் நடப்பதை நானே மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்திருப்பார். சத்தம் போட்டிருக்க மாட்டார். செல்வி அழுதிருப்பாள். இந்த நினைப்பிலேயே மூட்டத்தைப் பார்த்தால், அடியில் இருந்த ஓட்டைகளில் எல்லாம் உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. நெருப்புத் தெரிந்தால் மண் போடச் சொன்னார் அல்லவா? போட்டேன். அடுத்த ஓட்டையிலும் தெரிந்தது. அங்கேயும் போட்டேன். சுற்றிச் சுற்றி வந்து எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டு, உச்சியில் வந்த புகைக்கும் நாலு வெட்டு மண் போட்டேன். புகை சுத்தமாக நின்றுவிட்டது. வந்த வேலையில் இதையாவது ஒழுங்காகச் செய்தோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

1.40க்கு மாற்றாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மச்சான் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மாப்ள, அது மூச்சு விடுற ஓட்டை.”

“நெருப்புத் தெரிஞ்சுச்சு மச்சான்.”

“தெரியத்தான் செய்யும். மூட்டத்த அடக்கம் பண்ணிட்டீகளே.” மாற்றாளிடம் திரும்பி, “ஏலே, கம்பிய எடுத்து ஒவ்வொண்ணாத் தொறந்து விடு. நல்லவேள, சொந்தக்காரரு வச்ச மண்ணு, இறுகப் போடல” என்றார்.

வேலை நடந்து உச்சியில் மறுபடி வெள்ளைப் புகை வந்ததும் நான் சொல்லிவிட்டேன். “மச்சான், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பத்திரிகைய…”

“பாத்துட்டேன்” என்றார். மொபெட்டை மிதித்துக் கிளப்பினார். நான் காரிலும் அவர் மொபெட்டிலுமாக மூன்று கிலோமீட்டர். அதைவிடக் கம்மாயில் மாட்டியது எவ்வளவோ மேல்.

வீட்டு வாசலில் என்னைப் பார்த்த கவின் பயந்து அழுதான். என் சட்டையில் வெள்ளை என்று சொல்ல காலர் உள்பக்கம் மட்டும்தான் மிச்சம். “நான் குளிச்சிட்டு வந்தேன், இப்ப நீங்க கரியா நிக்கிறீக. போயி குளிங்க” என்று மச்சான் தன் வேட்டி ஒன்றைக் கொடுத்தார். குளித்துவிட்டு வந்தேன். செல்வியின் கண் சிவந்திருந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன்.

“இங்க வாங்க மாப்ள. இது யாரு?”

படத்தில் நான் தட்டை நீட்டிக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். “நான்தான் மச்சான்.”

“எதுக்க நிக்கிறது?”

“சின்ன மச்சான்.”

“எந்தங்கச்சி எங்க?”

“அடுப்படியில இருந்தா.”

“அப்ப அழைச்சது யாரு?” அவர் போனை மடியில் வைத்தார். “புருசனும் பொஞ்சாதியும் சேந்து நின்னு தட்ட நீட்டுனாத்தான் அது அழைப்பு. ஒத்த ஆளாப் போயி நீட்டுனா அது கூரியர்க்காரன் குடுத்துட்டுப் போற மாதிரி. கணக்குல வராது.”

எனக்குப் புரியவில்லை. செல்விக்குப் புரிந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள். “பிடிங்க” என்று என் கையை இழுத்துத் தட்டுக்குக் கீழே வைத்தாள். இருவரும் சேர்ந்து நீட்டினோம். மச்சான் எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். பத்திரிகையைப் பிரித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“மயிலுக்கு ஏன் மாப்ள நாலு காலு?”

“ரெண்டு மயில் மச்சான். ஒண்ணு பின்னால ஒண்ணு.”

“சரி” என்றார், நம்பாமல். உடனே தம்பிக்குப் போன் போட்டார். அவர் அப்போதுதான் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். “ஏலே, ஒனக்கு இன்னும் பத்திரிகை வைக்கல. சாயந்தரம் ரெண்டு பேரும் வருவாக, அப்ப வாங்கிக்க. அந்த ஸ்டேட்டஸ எடு மொதல்ல.”

நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம், மோர். மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டதும் சாக்குத் தைக்கிற சணல் கயிற்றில் ஒரு துண்டு எடுத்துவந்து கவினைத் தூக்கி நிறுத்தினார். தாய்மாமன்தான் காதுகுத்துக்குப் புதுத்துணி எடுக்க வேண்டும். நெஞ்சைச் சுற்றி ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு.

“மச்சான், அளவு நான் சென்டிமீட்டர்ல எழுதித் தாரேனே. நமக்குத் தொழிலே அதுதான்.”

“வேணாம் மாப்ள” என்று கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது காரில் செல்வி சொன்னாள். “குளிச்சிட்டு வந்து தலகூடத் தொவட்டல. தண்ணி சொட்டச் சொட்ட அந்தப் போட்டோவப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டே இருந்தாரு. இருவது நிமிசம். நான் பக்கத்துல நின்னு அழுகுறேன், நிமிந்து பாக்கல. பொறவு, நீ எங்க தாயி நின்னேன்னு கேட்டாரு. அடுப்படியில அண்ணேன்னு சொன்னேன். அப்பத்தான் துண்ட எடுத்துத் தலயத் தொவட்டுனாரு.”

அவர் அந்தப் படத்தில் தேடியது என் தப்பை இல்லை, எங்கள் விசேஷத்துக்கு வர ஒரு வழியை என்பது எனக்குள் அருப்புக்கோட்டை வரும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே 5.15க்கு இருவரும் சேர்ந்து நின்று சின்ன மச்சானுக்கும் அவர் மனைவிக்கும் மறுபடி பத்திரிகை வைத்தோம். “அப்ப காலையில நான் போட்ட இட்லி?” என்று தம்பி மனைவி கேட்டார். அது கணக்கில் வரும் என்று சொல்லிவிட்டு இன்னொரு தரம் சாப்பிட்டோம்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மொத்தம் போக வர 530 கிலோமீட்டர் ஆனது, கம்மாய் உட்பட. கோடையில் போனால் பதினொரு மணிக்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள். திருச்சுழி தாண்டினால் மேப்பை அணைத்துவிட்டு ஆளைக் கேளுங்கள். வண்டியை நிறுத்தினால் சொல்லாமல் யாரும் போவதில்லை. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். வெள்ளைச் சட்டை வேண்டாம். பத்திரிகை வைக்கப் போகிறீர்கள் என்றால் பக்கத்து வீடு எது என்று பார்க்காதீர்கள், மூத்தவர் வீடு எது என்று பாருங்கள், தட்டு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், மனைவி அடுப்படியை விட்டு வரும்வரை டிக்கியைத் திறக்காதீர்கள். வழியில் மூட்டம் எதையாவது பார்த்துக்கொள்ளச் சொன்னால், ஓட்டை எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் பெரிய மச்சான் போன் செய்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவராக என் நம்பருக்குப் போட்டது இதுதான் முதல் தடவை. மதுரையில் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் ஒரே இரைச்சல்.

“மாப்ள, பய அந்த அளவுலதான இருக்கான்? ஏறலையே?”

“அப்படியேதான் இருக்கான் மச்சான்.”

“ஏற விட்றாதீக. கடக்காரன் டேப்ப எடுத்துட்டு வந்து சென்டிமீட்டர் கேக்கான். கயித்தக் குடுத்துருக்கேன், அளந்துட்டு இருக்கான்.”

அன்றிலிருந்து செல்வி கவினுக்குப் பருப்புச் சோற்றில் நெய்யைக் குறைத்துவிட்டாள்.